ஓசை குறைந்த கணினி மின்வழங்கியின் பாதுகாப்பான இயக்க வெப்பநிலை

கணினி மின்வழங்கி என்பது வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணினியின் உறுப்புகளுக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியாகும். கடைகளிலும் பழுதுபார்ப்போரிடமும் இது 'எஸ்.எம்.பி.எஸ்.' என்றே வழங்குகிறது. விசிறி மெதுவாகச் சுழலும் வகையிலோ, சுமை குறைந்தபோது விசிறி நின்றுவிடும் வகையிலோ, விசிறியே இல்லாமலோ வடிவமைக்கப்பட்ட மின்வழங்கி ஓசை குறைந்த மின்வழங்கி எனப்படுகிறது.

இத்தகைய மின்வழங்கியில் காற்றோட்டம் குறைவாக இருப்பதால் உள்வெப்பம் சற்றுக் கூடுதலாக இருக்கும். பொதுவாக, மின்வழங்கிக்குள் நுழையும் காற்று 40 °செ (பாகை செல்சியஸ்) அளவுக்குள் இருந்தால் தரமான மின்வழங்கி கவலையின்றி இயங்கும். 40 முதல் 50 °செ வரை உள்ள காற்று, அந்த வெப்பநிலைக்கு உறுதியளிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே ஏற்றது. 50 °செ-க்கு மேல் எந்தச் சாதாரண மின்வழங்கியையும் இயக்கக் கூடாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோடை வெப்பம் மிதமானது. ஈரப்பதமும் கடல் உப்பும் மிகுதி. ஆகவே இங்கு மின்வழங்கியைக் காப்பதற்கான வழிகள் உள்மாவட்டங்களுக்குரிய வழிகளிலிருந்து சற்று வேறுபடுகின்றன.

வரலாறு

ஓசையில்லாத கணினி என்பது புதிய விருப்பமன்று. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் விசிறி கிடையாது. ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் அதற்கென வடிவமைத்த நிலைமாற்று மின்வழங்கி குறைந்த வெப்பத்தையே வெளிவிட்டதால் விசிறி தேவைப்படவில்லை. 1981-இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் மின்வழங்கி 63.5 வாட் திறனுடையது. அதில் விசிறி இருந்தது. பின்னர் கணினிகளின் மின்தேவை பல மடங்கு உயர்ந்தது. விசிறியின் இரைச்சலும் அதனோடு வளர்ந்தது.

1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் பொது அளவுமுறையை வெளியிட்டது. இன்றைய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. மின்வழங்கிகளின் பயனுறுதிறனைச் சோதித்துச் சான்றளிக்கும் '80 பிளஸ்' திட்டம் 2004-இல் தொடங்கியது. வீணாகும் வெப்பம் குறைந்ததால், மெதுவான விசிறியைக் கொண்டே மின்வழங்கியைக் குளிர்விப்பது எளிதாயிற்று.

வெப்பம் தோன்றும் விதம்

மின்வழங்கி எடுத்துக்கொள்ளும் திறன் முழுவதும் கணினிக்குச் சென்று சேர்வதில்லை. ஒரு பகுதி மின்வழங்கிக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது. கணினி 300 வாட் கேட்கிறது என்று கொள்வோம்.

• பயனுறுதிறன் 80 விழுக்காடு எனில்: எடுத்துக்கொள்வது 375 வாட், வெப்பமாவது 75 வாட்.
• பயனுறுதிறன் 90 விழுக்காடு எனில்: எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 333 வாட், வெப்பமாவது 33 வாட்.

பயனுறுதிறன் 10 விழுக்காடு உயரும்போது வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஓசை குறைந்த மின்வழங்கிகள் பெரும்பாலும் '80 பிளஸ் தங்கம்' அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் இருப்பதன் காரணம் இதுவே. பாதிச் சுமையில் 90 விழுக்காடு என்பது 115 வோல்ட் சோதனையில் தங்கத் தரத்திற்கான அளவாகும்.

இச்சான்று பெறுவதற்கான சோதனை 23 °செ அளவிலான அறையில் நடத்தப்படுகிறது. பயனுறுதிறன் எவ்வளவு என்பதை மட்டுமே அது காட்டும். 40 °செ வெப்பத்தில் அந்த மின்வழங்கி முழுச்சுமையைத் தாங்குமா என்பதற்கு அது சான்றாகாது.

ஓசையைக் குறைக்கும் முறைகள்

பெரிய விசிறி: பழைய மின்வழங்கிகளில் 80 மி.மீ. விசிறி பின்புறம் இருந்தது. இப்போது 120 முதல் 140 மி.மீ. வரையிலான விசிறி, மின்வழங்கியின் அகன்ற பக்கத்தில் பொருத்தப்படுகிறது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றாலும் போதிய காற்றைத் தள்ளும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும்.

வெப்பத்திற்கேற்ற வேகம்: உள்ளே உள்ள வெப்ப உணரி, சூடு கூடும்போது விசிறியின் வேகத்தையும் கூட்டுகிறது.

அரை விசிறி முறை: சுமையும் வெப்பமும் குறைவாக உள்ளபோது விசிறி முற்றிலும் நின்றுவிடும், குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் சுழலத் தொடங்கும். சில வகைகளில் இம்முறையை நிறுத்தி விசிறியை எப்போதும் ஓடவைக்கும் பொத்தான் உண்டு.

விசிறியில்லா முறை: அலுமினியத் தகடுகளும் உலோகப் பெட்டியும் வெப்பத்தைப் பரப்ப, வெப்பச்சலனத்தால் காற்று தானாக மேலெழுந்து வெளியேறுகிறது. இதில் துளைகள் உள்ள பக்கம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பது மிக முக்கியம். கையேட்டில் கூறியதற்கு மாறாகத் தலைகீழாகப் பொருத்தினால் சூடான காற்று உள்ளேயே தங்கிவிடும்.

காற்றோட்டத்தைக் குறைப்பதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். மின்வழங்கியில் 50 வாட் வெப்பம் தோன்றுகிறது; அது முழுவதும் காற்றோடு வெளியேறுகிறது என்று கொள்வோம்.

• நொடிக்கு 10 லிட்டர் காற்று சென்றால், வெளிவரும் காற்று உட்சென்ற காற்றைவிடச் சுமார் 4 °செ கூடுதலாக இருக்கும்.
• நொடிக்கு 5 லிட்டர் எனில் சுமார் 9 °செ கூடும்.
• நொடிக்கு 2.5 லிட்டர் எனில் சுமார் 17 °செ கூடும்.

காற்று பாதியானால் வெப்பநிலை உயர்வு இரட்டிப்பாகும். அமைதிக்குக் கொடுக்கும் விலை இதுதான். அந்த விலை தாங்கக்கூடியதா என்பது உட்செல்லும் காற்று எவ்வளவு குளிர்ச்சியாக உள்ளது என்பதைப் பொறுத்தது.

நான்கு வெப்பநிலைகள்

மின்வழங்கியின் வெப்பநிலை என்று பொதுவாகச் சொல்லும்போது நான்கு வேறு அளவுகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

1. அறை வெப்பநிலை: அறையில் தொங்கும் வெப்பமானி காட்டுவது.
2. உட்செல்லும் காற்றின் வெப்பநிலை: மின்வழங்கியின் வாயில் நுழையும் காற்றின் அளவு. தயாரிப்பாளர் குறிப்பிடும் 40 °செ அல்லது 50 °செ என்பது இதையே குறிக்கும்.
3. வெளிவரும் காற்றின் வெப்பநிலை: பின்புற வலை வழியே வருவது.
4. உறுப்புகளின் வெப்பநிலை: உள்ளே உள்ள மின்தேக்கி, மின்மாற்றி, குறைக்கடத்திகள் ஆகியவற்றின் சூடு. இது மற்ற மூன்றையும்விட மிகுதி.

முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பலரால் கவனிக்கப்படுவதில்லை. பழைய பெட்டிகளில் மின்வழங்கி மேற்புறம் இருக்கும். செயலியும் வரைகலை அட்டையும் சூடாக்கிய காற்றையே அது உள்ளிழுக்கிறது. அறையில் 33 °செ இருந்தாலும் மின்வழங்கிக்குக் கிடைப்பது 43 °செ காற்றாக இருக்கலாம். மின்வழங்கி அடிப்புறம் பொருத்தப்பட்டு, தனி வாயில் வழியே வெளிக்காற்றை எடுக்கும் புதிய பெட்டிகளில் இந்த இடர் குறைவு.

ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பு வழிகாட்டி முழுச்சுமையில் 10 முதல் 50 °செ வரையிலான சுற்றுப்புற வெப்பநிலையைப் பரிந்துரைக்கிறது. ஈரப்பதம் நீர்த்துளி படியாத நிலையில் 85 விழுக்காடு வரை இருக்கலாம் என்கிறது. எனினும் விலை குறைந்த மின்வழங்கிகள் சில 40 °செ-க்கோ அதற்கும் குறைவான வெப்பநிலைக்கோ மட்டுமே முழுத்திறனை உறுதியளிக்கின்றன. பெட்டியிலோ கையேட்டிலோ வாட் அளவுடன் வெப்பநிலையும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. அந்த அளவைத் தாண்டினால் மின்வழங்கி தரக்கூடிய திறன் குறையும்.

மின்தேக்கியின் ஆயுள்

மின்வழங்கியில் வெப்பத்தால் முதலில் தேய்வது மின்பகு மின்தேக்கியாகும். கடைகளில் இதைக் கெப்பாசிட்டர் என்பர். இதனுள் உள்ள மின்பகுளித் திரவம் வெப்பத்தால் சிறிது சிறிதாக ஆவியாகிறது. திரவம் வற்றும்போது மின்தேக்கியின் கொள்ளளவு குறைந்து, உள்மின்தடை கூடுகிறது. அதனால் மேலும் சூடாகி மேலும் விரைவாக வற்றுகிறது.

மின்தேக்கியின் மேல் 85 °செ அல்லது 105 °செ என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த வெப்பநிலையில் அது எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். வெப்பநிலை 10 °செ குறையும் ஒவ்வொரு முறையும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராய விதி.

இரண்டு மின்தேக்கிகள், இரண்டும் 2000 மணி நேரத்திற்கு உரியவை, இரண்டும் 65 °செ வெப்பத்தில் இயங்குகின்றன என்று கொள்வோம்.

• 85 °செ வகை: 20 °செ குறைவு; ஆயுள் 2000 × 4 = 8000 மணி. நாளொன்றுக்கு 8 மணி நேரம் எனில் 1000 நாள்கள், அதாவது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு.
• 105 °செ வகை: 40 °செ குறைவு; ஆயுள் 2000 × 16 = 32,000 மணி. அதே பயன்பாட்டில் 4000 நாள்கள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டுகள்.

இதே 105 °செ மின்தேக்கி, தூசி அடைத்ததால் 75 °செ-க்கு உயர்ந்தால் ஆயுள் பாதியாகும். அதிக வெப்பம் பெரும்பாலும் மின்வழங்கியை உடனே அழிப்பதில்லை. அதன் ஆண்டுகளைக் குறைக்கிறது. ஆயினும் வற்றிய மின்தேக்கி வெளியீட்டு மின்னழுத்தத்தை நிலையற்றதாக்கினால், மின்வழங்கியோடு தாய்ப்பலகையும் வன்தட்டில் உள்ள தரவுகளும் கெடக்கூடும். மாணவரின் திட்டக் கட்டுரையோ கடையின் கணக்கோ அந்த வன்தட்டில்தான் இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டச் சூழல்

வெப்பம்

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியையும் கொண்டது இம்மாவட்டம். கடற்காற்றும், தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் கிடைப்பதால் வேலூர், திருத்தணி போல 40 °செ-ஐத் தாண்டும் கோடை இங்கு வழக்கமன்று. நாகர்கோவில் பகுதியில் கோடைப் பகலின் வெப்பம் பெரும்பாலும் 35 °செ அளவைச் சுற்றியே இருக்கும்.

ஆனால் புழுக்கம் மிகுதி. மனித உடல் வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாவது குறைந்து, 33 °செ கூட மிகக் கடுமையாகத் தோன்றும். மின்வழங்கிக்கு வியர்வை இல்லை. அதைப் பொறுத்தவரை ஈரமான 33 °செ காற்றும் உலர்ந்த 33 °செ காற்றும் குளிர்விப்பதில் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உடல் உணரும் புழுக்கத்தைக் கொண்டு கணினியின் வெப்பத்தை மதிப்பிடுவது தவறு. வெப்பமானியைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கான்கிரீட் கூரையின் நேர்கீழே உள்ள மாடி அறை, பங்குனி, சித்திரை மாதப் பிற்பகல்களில் வெளியைவிடச் சூடாக இருக்கும். அத்தகைய அறையில், சுவரை ஒட்டிய மேசை அறைக்குள் வைத்த கணினிக்கு 40 °செ-க்கு மேற்பட்ட காற்றே கிடைக்கலாம்.

ஈரப்பதமும் உப்பும்

கன்னியாகுமரி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றுடன் நுண்ணிய உப்புத் துகள்களும் வருகின்றன. விசிறி அவற்றை உள்ளிழுத்து மின்சுற்றுப் பலகையில் படியவைக்கிறது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோற்றுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கரைகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும்; உலோகத்தையும் அரிக்கும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இந்நிலை எளிதில் ஏற்படுகிறது.

இங்கு வெப்பமே பாதுகாப்பாகவும் அமைகிறது. 30 °செ வெப்பமும் 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்று மின்வழங்கிக்குள் 45 °செ-க்குச் சூடானால், அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 35 விழுக்காடாகக் குறைந்துவிடும். நாள்தோறும் இயங்கும் மின்வழங்கியின் உட்புறம் இவ்வாறு உலர்ந்தே இருக்கும். கோடை விடுமுறையிலும் மழைக்கால விடுமுறையிலும் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும் பள்ளிக் கணினி அறைகளுக்கே ஈரத்தால் ஆபத்து அதிகம். மின்வழங்கியை இயன்றவரை குளிர்ச்சியாக வைப்பதே நல்லது என்ற எண்ணம் இம்மாவட்டத்தில் முழு உண்மையாகாது. மிதமான சூடு இங்கு நன்மை தருவது.

காற்றும் தூசியும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் பலத்த காற்றே முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் பெருகக் காரணம். அக்காற்று தோவாளை வட்டார வீடுகளுக்குள் தூசியையும் கொண்டுவருகிறது. கடற்கரை ஊர்களில் மணலும் உப்பும், கயிறு திரிக்கும் ஊர்களில் தேங்காய் நார்த்தூசியும் சேர்கின்றன. மெதுவான விசிறி தூசி அடைத்த வலை வழியே காற்றை இழுக்கத் திணறும். ஆகையால் ஓசை குறைந்த மின்வழங்கிக்குத் தூய்மை இன்றியமையாதது. சூட்டை நாடி வரும் பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து மின்கசிவை ஏற்படுத்துவதும் உண்டு.

குறைந்த மின்னழுத்தம்

மின்னழுத்தம் தாழும்போது அதே திறனைப் பெற மின்வழங்கி கூடுதல் மின்னோட்டத்தை எடுக்கிறது. 333 வாட் எடுக்கும் மின்வழங்கிக்கு 230 வோல்ட்டில் சுமார் 1.45 ஆம்பியர் போதும். 180 வோல்ட்டில் 1.85 ஆம்பியர் தேவை. மின்தடையால் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், உள்ளீட்டுப் பகுதியில் அது சுமார் 1.6 மடங்காகிறது. மின்வழங்கி திடீரெனச் சூடாவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அளக்கும் முறை

இதற்கு மின்வழங்கியைத் திறக்க வேண்டியதில்லை. கம்பியின் முனையில் உணரி உள்ள சிறிய எண்ணிலக்க வெப்பமானி போதும்.

1. கணினியை வழக்கமான வேலையில் ஒரு மணி நேரம் இயக்க வேண்டும்.
2. உணரியை மின்வழங்கி காற்றை இழுக்கும் பக்கத்தின் வெளியே வைத்து அளவைக் குறிக்க வேண்டும்.
3. பின்னர் பின்புற வலையின் வெளியே வைத்துக் குறிக்க வேண்டும். உணரியையோ வேறு பொருளையோ துளைக்குள் நுழைக்கக் கூடாது.
4. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும்.

விசிறி ஓடும் நிலையில் பின்வரும் தோராய அளவுகளைக் கொள்ளலாம்.

• வேறுபாடு 10 °செ வரை: இயல்பு நிலை.
• 10 முதல் 15 °செ: ஓசை குறைந்த வகைகளில் ஏற்கத்தக்கது, உட்செல்லும் காற்று 35 °செ-க்குள் இருப்பது நல்லது.
• 15 °செ-க்கு மேல்: தூசி, விசிறி, சுமை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
• 20 °செ-க்கு மேல்: கணினியை நிறுத்திக் காரணம் அறிய வேண்டும்.

பருவந்தோறும் ஒருமுறை அளந்து குறித்து வைப்பது பயன் தரும். முதலில் 8 °செ இருந்த வேறுபாடு அடுத்த ஆண்டு அதே வேலையில் 14 °செ ஆனால், தூசி அடைத்துள்ளது அல்லது விசிறி தளர்ந்துள்ளது என்று பொருள்.

எச்சரிக்கைக் குறிகள்

சாதாரண மின்வழங்கி சூடானால் அதன் விசிறி இரைந்து அறிவிக்கும். ஓசை குறைந்த மின்வழங்கியில் இந்த எச்சரிக்கை தெளிவாகக் கிடைப்பதில்லை. அரை விசிறி முறையில் விசிறி நின்றிருப்பது இயல்பு. அது பழுதாகி நின்றிருந்தாலும் தோற்றம் ஒன்றே. ஆகவே மாதம் ஒருமுறை கணினிக்குக் கடினமான வேலை கொடுத்தோ, பொத்தான் இருந்தால் அதை மாற்றியோ, விசிறி சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கீழ்க்காணும் குறிகள் தென்பட்டால் மின்வழங்கியைச் சோதிக்க வேண்டும்.

• கடினமான வேலையின்போது கணினி தானாக அணைந்து, சிறிது ஆறியபின் மீண்டும் இயங்குதல். வெப்பக் காப்புச் சுற்று செயற்பட்டதன் அடையாளமாக இது இருக்கலாம்.
• கருகிய நாற்றம் அல்லது மீன்வாடை போன்ற நாற்றம்.
• பெட்டியின் பின்புறம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாதல்.
• விசிறியில் உராயும் ஒலி.

நாற்றமோ புகையோ வந்தால் சுவர் நிலைமாற்றியை உடனே அணைத்து இணைப்பைப் பிடுங்க வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்காக மீண்டும் இயக்கக் கூடாது.

செய்யத்தக்கவை

• கணினிப் பெட்டியின் பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும்.
• கடற்கரை ஊர்களில் கடலை நோக்கிய சன்னலுக்கு நேரே கணினியை வைக்கக் கூடாது.
• காற்று வாயில் உள்ள தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை தூய்மை செய்ய வேண்டும். ஈரமாகக் கழுவினால் நன்கு உலர்ந்தபின் பொருத்த வேண்டும்.
• நீண்ட விடுமுறையில் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் கணினியை இயக்க வேண்டும்.
• கணினி வழக்கமாக எடுக்கும் திறன் மின்வழங்கியின் திறனில் பாதியளவாக இருக்குமாறு தேர்ந்தெடுத்தால் வெப்பமும் ஓசையும் குறையும்.
• சித்திரை, வைகாசி மாதங்களில் அரை விசிறி முறையை நிறுத்தி, விசிறியை மெதுவாக ஓடவிடலாம்.

செய்யத்தகாதவை

ஓசையைக் குறைக்கும் ஆவலில் சிலர் மின்வழங்கியைத் திறந்து விசிறியை மாற்றுகின்றனர். சிலர் விசிறியின் கம்பியில் மின்தடையைச் சேர்த்து வேகத்தைக் குறைக்கின்றனர். இது இரு வகையில் ஆபத்தானது. உள்ளே உள்ள பெரிய மின்தேக்கியில் 325 முதல் 400 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும்; இணைப்பைப் பிடுங்கிய பின்பும் அது தங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கப் போதுமானது. மேலும், தயாரிப்பாளர் கணக்கிட்ட காற்றோட்டம் மாறிவிடுவதால், பெட்டியில் அச்சிட்ட வெப்பநிலை உறுதி எதுவும் அதற்குப் பிறகு பொருந்தாது. இரைச்சல் பொறுக்க முடியாததாக இருந்தால், பயனுறுதிறன் மிக்க வேறு மின்வழங்கியை வாங்குவதே முறையான வழி.

மின்வழங்கியின் மேல் துணி போர்த்துவதும், இயங்கும் கணினியை மூடிய அலமாரிக்குள் வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். தூசிக்கும் உப்புக்கும் அஞ்சி உறையிடுவோர், கணினியை அணைத்து அது ஆறிய பின்னரே உறையிட வேண்டும்; இயக்கும் முன் உறையை முழுவதும் நீக்க வேண்டும்.